நம் பக்கம் ஒரு வாசல்

அத்திப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பவ்யா அப்பாவுக்கு,

நானும் பவ்யாவும் நன்றாக இருக்கிறோம். தோகாவில் வெயில் இறங்கிவிட்டது என்று போன வாரம் சொன்னீர்கள். ஏ.சி. ரிப்பேர் என்று நேரம் கெட்ட நேரத்தில் உங்களை எழுப்புவது இனிக் குறையும், கொஞ்சம் தூங்குவீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இருதயராஜ் அண்ணன் விடுப்பு முடிந்து வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார். அவரிடம் பருப்புப்பொடியும் நெத்திலிக் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை அறையில் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று தோன்றும். போனில் நான் ஆரம்பித்தால் பவ்யா பக்கத்தில் வந்து நிற்கிறாள். உங்கள் பக்கம் யாராவது டி.வி.யைச் சத்தமாக வைக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது.

பூங்காவுக்கு நிதி ஒதுக்கிவிட்டார்கள். இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அயனம்பாக்கத்து ஷாகிதா அந்தச் செய்தியைப் பூங்கா வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் நீங்கள் கைதட்டும் படம் மூன்று போட்டீர்கள். அதே செய்தியைக் கால் மணி நேரம் முன்னாலேயே நான் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருந்தேன். எனக்கு வந்தது ஒரு கட்டைவிரல்.

சின்ன விஷயம்தான். ஆனால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் தெருக்கோடியில் இருக்கும் காலிமனையில் ஒரு பூங்கா வேண்டும் என்று நான் மனு கொடுக்க ஆரம்பித்தபோது பவ்யா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது ஏழாம் வகுப்பு. மண்டல அலுவலகத்தில் எத்தனை பொறியாளர்கள் மாறினார்கள், அத்தனை பேரையும் பார்த்துவிட்டேன். கடைசியாக வந்தவர்தான் ஒளிக்காமல் சொன்னார். "இந்தத் துண்டு நிலத்துக்கு யாரும்மா நிதி கொடுப்பாங்க? பக்கத்து ஊரையும் சேத்துகினு ஒரே மனுவா வாங்க. ரெண்டு ஊருக்கும் பொதுவா பெரிய பூங்கான்னா மேல அனுப்பலாம்" என்றார். நாம் இருப்பது மாநகராட்சியில், பக்கத்து ஊர் அயனம்பாக்கம் இருப்பது நகராட்சியில். இரண்டும் ஒத்துப்போனால் சிறப்பு நிதி வருமாம்.

ஆகவே ஷாகிதாவைத் தேடிப் போனது நான்தான். இதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். ஏரிக்கரைப் பக்கம் அவர்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு அவள் செயலாளர் என்று கேள்விப்பட்டு, முகம் தெரியாத வீட்டில் போய் மணி அடித்தேன். பூந்தமல்லியில் பிறந்தவள். அவள் கணவர் ராஷித் பிளைவுட் கடை வைத்திருக்கிறார். கல்லூரியில் கைப்பந்து ஆடியவளாம், இன்னும் அந்த நிமிர்வு இருக்கிறது. டீ கொடுத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இத ஏன் இத்தினி நாளா நீ ஒண்டியா தூக்கிகினு அலைஞ்ச?" என்றாள். அன்று வீட்டுக்கு வந்து அவளைப் பற்றி உங்களிடம் நான்தான் புகழ்ந்து பேசினேன். என் வாயை நானே நொந்துகொள்கிறேன்.

மண்டல அலுவலகத்தில் இரண்டு பக்க அதிகாரிகளும் உட்கார்ந்த கூட்டத்தில் முதலில் நான்தான் பேச ஆரம்பித்தேன். குரல் நடுங்கியது. ஏதோ ஒரு இடத்தில் நிறுத்தினேன், அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு அவர்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர்கள் சங்கத்துப் பையன் யாரோ அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டான். அன்று நீங்கள் போன் செய்து சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அந்தம்மா இன்னா தெளிவா பேசுது. மூணு தபா பாத்தேன். நீ பின்னால நின்னுகினு இருந்தியே, ஒடம்பு சரியில்லையா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தப் படத்தில் என் தோள் மட்டும் தெரிகிறது. அதையும் மூன்று முறை பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். பவ்யா சனிக்கிழமை தோறும் அவளிடம் கைப்பந்து கற்றுக்கொள்ளப் போகிறாள். திரும்பி வந்தால் ஷாகிதா ஆன்ட்டி இப்படிச் சொன்னாங்க, ஷாகிதா ஆன்ட்டி அப்படிப் போட்டாங்க. தலையை நான் சீவிவிட்டால் இழுக்குதாம், ஆன்ட்டி சீவினால் இழுக்கவில்லையாம். பெற்றவளுக்கு இதைக் கேட்க எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

பிறகு இடத்தை முடிவு செய்தார்கள். நம் காலிமனை சிறியது என்று ஒதுக்கிவிட்டார்கள். கால்வாயைத் தாண்டி, அயனம்பாக்கம் பக்கம் இருக்கும் புறம்போக்கில்தான் பூங்காவாம். வாசலும் அந்தப் பக்கமே. அடுத்த வீட்டு அஞ்சலை குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "நீ செருப்பு தேய அலைஞ்ச, அவ ஊட்டு வாசல்ல பார்க்கு வருது. இன்னாத்துக்கு நாங்க கையெழுத்துப் போட்டோம்?" நான் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இடத்தைப் பார்க்க மேலதிகாரிகள் வரும் நாளில் இரண்டு ஊர்ப் பெண்களும் வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரு ஊர் மனு என்று திருப்பிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அழுக்கே இல்லாத திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்துக்கொண்டிருந்தேன். போகட்டும், திரும்பிப் போகட்டும் என்றுதான் இருந்தது. அவளுக்குக் கிடைப்பதைவிட யாருக்கும் கிடைக்காமல் போனால் தேவலை என்று நினைத்தேன். நான் அப்படிப்பட்டவளா என்று கேட்காதீர்கள். அன்று அப்படித்தான் இருந்தேன்.

ஷாகிதா ஸ்கூட்டரில் வந்து நின்றாள். நல்ல வார்த்தை ஒன்றும் பேசவில்லை. "இன்னா நாகு, நாடகம் ஆடுறியா? அங்க ஆபீசருங்க வந்து நின்னுகினு கீறாங்க. கோவம்னா என்னாண்ட காட்டு, கொழந்தைங்களாண்ட காட்டாத" என்றாள். நான் ஈரக்கையோடு கத்தினேன். எங்கள் பிள்ளைகள் உங்கள் பூங்காவுக்கு எப்படி வருவார்கள், வானகரம் சாலையில் தொழிற்பேட்டை லாரிகளுக்கு நடுவே நடந்தா என்று கேட்டேன். அவள், "இத அங்க வந்து சொல்லு. எனக்குச் சொல்லி இன்னா ஆவப்போவுது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

அஞ்சலையையும் நம் தெருப் பெண்களையும் திரட்டிக்கொண்டு ஓடினேன். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது, தலைகூட வாரவில்லை. வரைபடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அதிகாரியிடம் நேரே போய், கால்வாய் மேல் ஒரு நடைபாலமும் எங்கள் பக்கம் ஒரு வாசலும் வேண்டும் என்றேன். இப்போது முடியாது, அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார். அந்தச் சாலையில் போன வருடம் சைக்கிளோடு விழுந்த பிள்ளையைத் தூக்கியவள் நான், என் மகளை அந்த வழியாக அனுப்பமாட்டேன், இந்தப் பெண்கள் யாரும் அனுப்பமாட்டார்கள், பிள்ளைகள் வர முடியாத பூங்காவுக்கு எங்கள் பெயரை ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டேன். குரல் நடுங்கவில்லை. அஞ்சலை என் முதுகில் கை வைத்திருந்தாள்.

அவர் ஷாகிதாவைப் பார்த்தார். அவள், "அந்தப் பக்கம் வாசல் இல்லேன்னா எங்களுக்கும் இந்தப் பார்க்கு வேணாம் சார்" என்றாள். அவள் சங்கத்து ஆட்களே முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பாலமும் வாசலும் திட்டத்தில் ஏறிவிட்டன. இப்போது வந்திருக்கும் நிதியில் அதுவும் சேர்த்திதான்.

நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனால் உங்களிடம் எதை மறைப்பது? அவள் அப்படிச் சொன்ன அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. பேச்சும் அவளுக்கு, நிமிர்வும் அவளுக்கு, கைப்பந்தும் அவளுக்கு. அவ்வளவு பெரிய மனசையும் அவளுக்கே கொடுக்க வேண்டுமா? அதிலாவது எனக்குக் கொஞ்சம் வைத்திருக்கக் கூடாதா? நேற்று அவள் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. பவ்யா இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். நானும்தான்.

அன்று நான் பேசியதை யாரும் படம் பிடிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றதில் யாருக்கும் போனை எடுக்கத் தோன்றவில்லை என்று அஞ்சலை சொன்னாள். குழுவில் வந்தது ஷாகிதா அதிகாரிக்கு நன்றி சொல்லும் படம் மட்டும். அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் பேசியது உங்களுக்குத் தெரியாமல் போய்விடுமே என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

மழைக்குக் குளியலறைச் சுவர் ஊறுகிறது. மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். பவ்யாவுக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண். நீங்கள் வெறும் வயிற்றில் டீ குடிக்காதீர்கள்.

அடிக்கல் நாட்டு விழா தை மாதத்தில் இருக்கும் என்கிறார்கள். உங்களுக்கு அப்போது விடுப்பு கிடைக்காது என்று தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் குழுவில் போட வேண்டாம். ஷாகிதாவுக்குத் தெரிந்தால் வண்டி பிடித்து, இரண்டு ஊரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். என்னிடம் மட்டும் சொல்லுங்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு நான் ஒருத்தி மட்டும் வந்து நிற்கிறேன்.

உங்கள்
நாகவல்லி