வெளியூர்க் கடையில் வாங்கிய மாத்திரை

ஐப்பசி 7, வெள்ளி

காலையிலிருந்து தூறல். மருந்துக்கடையின் குளிர்பெட்டி பழுது; இன்சுலின் முழுவதும் வீட்டுக்கு மாற்றம்.

பதினொரு மணிக்குச் சரஸ்வதி அம்மா. தறி வைத்திருக்கும் பழனிசாமியின் மனைவி. கணவரின் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் பல வருடங்களாக நம் கடை மருந்துதான். கூட்டத்தின் நடுவே நின்று சொன்னார்: "நெஞ்சு வலிக்குதுன்னு நீங்க குடுத்த மாத்திரையத்தானுங்க நாக்குக்கடியில வெச்சாரு. வெச்ச கையோட சாஞ்சுபோட்டாரு."

இப்போது கோவையில் ஒரு மருத்துவமனையில். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். சரியான மருந்து, காலாவதி ஆகவில்லை. அது வேறு எதோடு சேர்ந்தால் ஆளைச் சாய்க்கும் என்பது தெரியும். அந்த அம்மாவிடம் சொல்லக்கூடியதல்ல. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஐப்பசி 8, சனி

மருத்துவமனை. சரஸ்வதி அம்மா காபி வாங்கப் போன நேரத்தில், வேறு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று நேராகவே கேட்டேன். பழனிசாமி சுவரைப் பார்த்தார். மாடு பார்க்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனவர், அங்கே ஒரு மருந்துக்கடையில் ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை வாங்கியிருக்கிறார். கடைக்காரன் டாக்டர் சீட்டும் கேட்கவில்லை, நோயும் கேட்கவில்லை. தாளில் சுற்றிக் கொடுத்தானாம்.

"நம்ம கடைல கேக்க முடியுங்களா? நிக்கறது பூரா சொந்தக்காரங்க."

மனைவி பக்கத்திலேயே இருப்பதால் டாக்டரிடமும் சொல்லவில்லை. மறுபடி வலி வந்தால் இங்கேயும் அதே இதய மருந்தைக் கொடுப்பார்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிடும், இன்னொரு முறை விழுந்தால் எழுவது உறுதியில்லை என்றேன். மானம் போய்விடும் என்றார். உயிர் போனால் பரவாயில்லையா என்றேன். குரலை உயர்த்தவில்லை. கடைசியில் தலையசைத்தார். நடைக்கூடத்தில் டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் உடனே குறித்துக்கொண்டார்.

பேருந்தில் திரும்பும்போது அந்தப் பொள்ளாச்சிக் கடைக்காரனுக்குக் கடிதம் மனத்துக்குள் தயார். ஒவ்வொரு வாக்கியமும் கத்தி.

கடையில் மைத்துனன் செல்வராஜிடம் சொன்னேன். வியாபாரத்தில் பாதிப் பங்கு அவனுடையது. சிரித்தான். "ஏனுங்க மாமா, நம்மூர்க்காரன் அங்க போறான், அவங்கூர்க்காரன் இங்க வாரான். நாம மட்டும் சீட்டு கேட்டுட்டா குடுக்கறோம்?"

நான் இல்லாத நேரத்து வியாபாரம். சுவரில் தொங்கும் உரிமத்தில் என் பெயர். அந்தக் கடிதத்தின் முகவரி மட்டும்தான் தவறு.

ஐப்பசி 9, ஞாயிறு

அரை நாள் கடை. சரக்கறையில் ஒரு மூலையைக் காலி செய்து திரை, நாற்காலிகள். இனி டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரை கிடையாது. சீட்டு இருந்தாலும் உள்ளே உட்காரவைத்து நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், சாப்பிடும் மற்ற மருந்துகள் எல்லாம் கேட்க வேண்டும்.

செல்வராஜ்: "பொண்ணு பாக்க வந்த மாதிரியே இருக்குதுங்க."

சம்மதமில்லை என்றால் கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம் என்றேன். வைக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

குளிர்பெட்டி சரியாகிவிட்டது.

ஐப்பசி 14, வெள்ளி

வெயில். சரஸ்வதி அம்மா மறுபடி வந்தார். பழனிசாமி வீடு திரும்பி, தானாகவே எல்லாம் சொல்லிவிட்டாராம். திரைக்கு உள்ளே உட்காரவைத்தேன். சர்க்கரை நரம்பையும் ரத்தக்குழாயையும் கெடுப்பதால் வரும் கோளாறு, வெட்கப்பட ஒன்றுமில்லை, இதய மருந்து இருக்கும்வரை அந்த மாத்திரை கூடாது, டாக்டரிடம் வேறு வழிகள் உண்டு என்றேன். முழுவதும் கேட்டார்.

"ரெண்டு வருசமா தறிக்குடோன்லயே படுத்துக்கறாருங்க. வேற எங்கியோ சகவாசம்னு நெனச்சு நான் பேச்சையே நிறுத்திப்போட்டேனுங்க."

பழனிசாமி எங்கே என்றேன். வாசலில்தான், உள்ளே வரமாட்டேன் என்கிறாராம்.

கடை நிறைய ஆள். அம்மா எழுந்து திரையை விலக்கி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்: "ஏனுங்க, உள்ள வாங்க. நீங்களே கேட்டுக்குங்க."

வந்தார்.