வேலியோரப் பூச்செடி

8.3 சனி
காலையிலிருந்து தூறல். கன்றுக்குப் புல் அறுக்கவில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இன்றோடு நாற்பத்தோரு நாள்.
வாங்க: உப்பு, நல்லெண்ணெய், கொசுவர்த்தி.
மகள் சாந்தி ஈப்போவிலிருந்து வந்தாள். கன்று வேலியோரப் பூச்செடியில் வாய் வைக்கப் போனது. "அம்மா, கன்ன இழு! இது விஷச்செடி மாதிரி இருக்குலா!"
"போடி. கோலா கங்சார் ரோட்டோரத்துல நானே ஒடிச்சாந்து நட்டது."
கைப்பேசியில் தேடி அடையாளங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
தண்டு நாலு பட்டை. ஆமாம்.
வளைந்த குட்டி முள். ஆமாம், விரலில் ரத்தம்.
இலை ஜோடி ஜோடியாய், பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு. கசக்கினால் நாற்றம்.
ஒரே கொத்தில் நடுவே மஞ்சள், ஓரம் ரோஸ். காய் பச்சை, பழம் கறுப்பு.
உண்ணிச்செடியேதான். மாடு தின்றால் கண் மஞ்சளாகும், வெயில் பட்டால் தோல் உரியும் என்றாள்.
அதற்கு மேல் காதில் விழவில்லை. எங்கள் செவலைப் பசு மூக்குத் தோல் உரிந்துதான் செத்தது.

9.3 ஞாயிறு
நல்ல வெயில். சாந்தி போய்விட்டாள். அவளிடம் சொல்லவில்லை.
போன வருஷம் வீட்டுக்காரர் சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். புல்லுக்குப் போக ஆளில்லை. வேலிச்செடியை வெட்டி நான்தான் செவலைக்குப் போட்டேன். மூன்று நாள். முதலில் மோந்துவிட்டுத் தலையைத் திருப்பியது. பிறகு பசியில் தின்றது. இவர் வீடு திரும்பின வாரம் செத்தது.
பக்கத்து வீட்டு முத்தையா அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் புல்லைக் கருக்கும் மருந்து அடிப்பவர். அவர் வாசலில் மண்ணை வாரித் தூற்றினேன். "மருந்தடிச்சு என் மாட்டக் கொன்னுட்டியே, நீ நல்லா இருப்பியா!" இவர் வந்து என்னை இழுத்துப் போனார். "விடு, போதும்." பயந்தாங்கொள்ளி என்று இவரையும் ஏசினேன்.
மறுநாள் கொட்டகைப் பக்கம் இருந்த செடியை எல்லாம் இவர் வெட்டினார். என் பூவை ஏன் வெட்டுகிறீர்கள் என்று அதற்கும் சண்டை. மிச்சத்தை விட்டுவிட்டார்.

11.3 செவ்வாய்
ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
"அண்ணே, மாட்ட நீங்க கொல்லல. இதான். நான்தான் போட்டேன்."
கிளையைப் பார்க்கவே இல்லை. "தெரியும்மா."
"எப்பருந்து?"
"அப்பவே. மூக்கப் பாத்தேன்ல. ஒன் வீட்டுக்காரன்கிட்ட சொன்னேன். 'ஆசையா வச்ச பூண்ணே, தெரிஞ்சா தாங்க மாட்டா'ன்னான்." சிரித்தார். "நீ திட்டுன திட்டுக்கு அவன்தான் தெனம் கடையில தேத்தண்ணி வாங்கிக் குடுத்தான். உக்காரு, கலக்கச் சொல்றேன்."
உட்கார முடியவில்லை.
இவர் போன அன்று வாய்க்கரிசி போட வந்த அண்ணனை வழி மறித்தது நான். "கொலகாரன் கை என் புருஷன் வாயில படக்கூடாது." எல்லாரும் பார்த்தார்கள். மூடின கையோடு திரும்பிப் போனார்.
அந்த அரிசியை என்ன செய்தீர்கள் என்று கேட்க வந்தது. கிளையோடு வீடு திரும்பினேன்.
கன்று கத்துகிறது. இவர் செடி வெட்டின பாராங் கத்தியை எங்கே வைத்தாரோ, தேட வேண்டும்.