நான்காவது மாதுளை விதை

நவ. 17, திங்கள்

வெளியே புகை. எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி தெரியவே இல்லை. இந்த வாரம் முழுக்க ஆன்லைன் கிளாஸ். கண் எரிச்சல்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எழுதுகிறேன். அறையில் சந்தியா அக்கா. போன வருடம் என் டைரியை எடுத்துக் காலேஜ் தோழிகளிடம் போனில் வாசித்துக் காட்டிச் சிரித்தவள். அது இங்கிலீஷ். அதனால் இது தமிழ். அக்காவுக்குத் தமிழ் பேச வரும், படிப்பதில் அ, ஆ தாண்டாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆறு வருடம் திட்டிக்கொண்டே போனேன். இப்போதுதான் உபயோகம்.

நாளைக்கு:
கணக்கு, பயிற்சி 7.
வெங்காயச் செல் படம். லேபிள் மறக்காமல்.
ப. என்ன எழுதினாலும் பதில் போடக் கூடாது.

மூன்றாவதை இன்றைக்கே மீறியாகிவிட்டது.

"என்னடி, பாத்ரூம்ல குடித்தனமா? ஜல்தி வெளிய வா." அக்கா கதவைத் தட்டுகிறாள்.

நவ. 18, செவ்வாய்

புகை குறையவில்லை. அம்மா துணிகளை உள்ளேயே கொடி கட்டிக் காயப் போட்டிருக்கிறாள். வீடு முழுக்க ஈர வாசனை.

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் எங்கே தப்பு செய்தேன் என்று தெரியலாம்.

கேம், கிரேக்கப் புராணத்தை வைத்துச் செய்தது. கடல், தீவுகள், உடைந்த தூண்கள், ஒரு குகையில் தலைமுடியெல்லாம் பாம்பாக ஒருத்தி. செத்தாலும் ஆட்டம் முடியாது. பாதாள ஆற்றங்கரையில் நிழலாக நிற்போம். படகுக்காரனிடம் நாணயம் கொடுத்தால் அக்கரைக்குப் போகலாம், அங்கிருந்து மேலே ஏற ஒரு பாதை. நாணயம் இல்லாத நிழல்கள் கரையிலேயே நிற்கும். கூட்டம் கூட்டமாக, முகம் இல்லாமல். அந்த இடத்துப் பாட்டு எனக்குப் பிடிக்கும். பிடித்திருந்தது.

படகு ஓட்டுவதும் எங்கேயோ இருக்கும் ஒரு ஆள்தான். அவன் பெயர் தெரியாது. படகுக்காரன், அதனால் ப.

தீபாவளி லீவில் ஒரு நாள் செத்துப்போய் நாணயமில்லாமல் நின்றேன். என் ஆளுக்கு நான் வைத்த பெயர் வேல். கையில் ஈட்டி வைத்திருப்பதால். ப. சாட்டில் எழுதினான்.

"வேல்னு பேரா? தமிழா நீங்க?"

ஆமா என்றேன்.

"அட! டெல்லியா? எந்த செக்டர்? அப்பா எந்த ஆபீஸ்? சொந்த ஊர் எது?"

மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் புதிதாகப் பார்க்கிற எந்த மாமாவும் மாமியும் கேட்கிற அதே மூன்று கேள்விகள். பிறந்ததிலிருந்து பதில் சொல்லிப் பழக்கம். சொல்லாவிட்டால்தான் அம்மா தொடையில் கிள்ளுவாள். அதனால் சொன்னேன். ஆர்.கே.புரம், செக்டர், பிளாக், கீழே இஸ்திரிக்காரர் வண்டி நிற்கும் வாசல், அப்பாவின் அமைச்சகம், திருநெல்வேலி. கேட்காததையும் சொன்னேன்.

"நாங்களும் அந்தப் பக்கந்தான். உங்களுக்கு எதுக்கு நாணயம்? ஏறுங்க" என்றான்.

இதையே ஒருவன் இந்தியில் கேட்டிருந்தால் ஒரு எழுத்துகூட டைப் பண்ணியிருக்க மாட்டேன்.

நவ. 19, புதன்

ஹிஸ்டரி டெஸ்ட். 25க்கு 11. மிஸ் கேமராவை ஆன் பண்ணச் சொன்னார். என் முகத்தை நானே பார்க்கப் பிடிக்கவில்லை.

விதை விஷயம்.

பாதாளத்தில் ஒருவர் மாதுளை விதை கொடுத்து நாம் தின்றால் இழந்த பலமெல்லாம் திரும்ப வரும். ஆனால் ஒரு விதைக்கு ஒரு கட்டளை. கொடுத்தவர் சொன்னதைச் செய்து முடிக்கும்வரை மேலே வர முடியாது. ப. கொடுத்ததில் நான் நான்கு தின்றிருக்கிறேன்.

முதல் கட்டளை: மூன்று தலை நாயின் கழுத்துச் சங்கிலியில் ஒரு கண்ணி. கொண்டு வந்து கொடுத்தேன்.
இரண்டாவது: தமிழில் பேசி வாய்ஸ் மெசேஜ். அனுப்பினேன். "குரல் நல்லாருக்கு, ஊர்ப் பொண்ணுதான்" என்றான். அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.
மூன்றாவது: ஸ்கூல் ஐ.டி. கார்டு போட்டோ. "பொண்ணுன்னு சொல்லிப் பையனுங்க ஏமாத்துறாங்க, அதான்." பெயர், வகுப்பு, போட்டோ, அப்பாவின் போன் நம்பர். எல்லாம் அதில் இருக்கிறது. அனுப்பினேன்.
நான்காவது இன்றைக்கு வந்தது. சனிக்கிழமை பதினோரு மணி, ஐ.என்.ஏ. மெட்ரோ, மார்க்கெட் பக்க கேட். தனியாக.

முடியாது என்று எழுதினேன். டெஸ்ட் இருக்கிறது என்றும் எழுதினேன். எதற்காக அந்தக் காரணத்தைச் சேர்த்தேன்?

நவ. 20, வியாழன்

காலையில் பதில்.

"வரலைன்னா பரவாயில்ல. அப்பா ஆபீஸ்க்கு ஒரு லெட்டர் போடுறேன். சர்க்கார் லேப்டாப்ல பொண்ணு கேம் ஆடுதுன்னு."

லேப்டாப் விஷயத்தையும் நான்தான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். பெருமையாக.

அப்பா தன் ஆபீஸ் லேப்டாப்பைக் கிளாஸுக்கென்று கொடுத்தபோதே, "வேற எதையும் தொறக்கக் கூடாது. இது நம்ம வீட்டுச் சாமான் இல்ல" என்றார். ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க செக்‌ஷன்ல ஒருத்தன் வீட்டு போட்டோவ ஆபீஸ் மெஷின்ல ஏத்திட்டான். மெமோ குடுத்துட்டாங்க."

"மெமோன்னா என்னப்பா?" நான்.

"மெமோன்னா மெமோ. நீ சாப்பிடு. தோசை காயுது பாரு."

கீழ் வீட்டு அங்கிள் ரிட்டயர் ஆகி, காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்து, டெம்போவில் கட்டில், பீரோ, துளசித் தொட்டி எல்லாம் போனதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடும் சர்க்கார் குவார்ட்டர்ஸ்தான், எதுவும் எங்களுடையது இல்லை. மின்விசிறியில்கூட நம்பர் எழுதியிருக்கிறது. மெமோ, பிறகு நோட்டீஸ், பிறகு டெம்போ. அக்கா காலேஜ்?

சனிக்கிழமை போய்விட்டு உடனே வந்துவிட்டால்? பகல்தானே. கூட்டம் இருக்கும். அம்மாவே அங்கேதான் அப்பளமும் முருங்கைக்காயும் வாங்குவாள். அப்பளம் சுற்றித் தந்த தமிழ்ப் பேப்பரைக் கூட மடிப்பு நீவி நின்றபடியே படிப்பாள், பழைய செய்தியாக இருந்தாலும்.

போவதா, வேண்டாமா.

நவ. 21, வெள்ளி

காற்று கொஞ்சம் அடித்தது. தொட்டி தெரிகிறது.

சாயங்காலம் அம்மாவுடன் மலை மந்திர். நாளை பதினோரு மணி என்பதைத் தவிர எதையும் நினைத்துக் கும்பிட முடியவில்லை. இறங்கும்போது படியில் ஒரு மாமா, கையில் விபூதிப் பொட்டலம், நரைத்த மீசை. அம்மாவின் தமிழைக் கேட்டுத் திரும்பிச் சிரித்தார்.

"தின்னவேலியா? பேச்சே சொல்லுதே! எந்த செக்டர்மா?" என்னைப் பார்த்துக் கேட்டார்.

ப. இந்த மாமாவாக இருக்காது. தெரியும். ஆனால் அதே கேள்வி, அதே வரிசை.

"துவாரகா" என்றேன். டெல்லியின் இன்னொரு மூலை.

"அப்பா எந்த ஆபீஸ்?"

"ஏர்போர்ட்."

அம்மாவின் கை என் தோளில் அப்படியே நின்றுவிட்டது. "அச்சா, துவாரகால எந்த சொசைட்டி?" என்று அவர் கேட்பதற்குள் நான் இரண்டு இரண்டு படியாக இறங்கினேன். செருப்பு வைத்த இடத்தில்தான் நின்றேன்.

அம்மா அவரிடம் என்ன சொல்லிச் சமாளித்தாளோ. திட்டுவாள் என்று பார்த்தேன். ஆட்டோ பாதி வழி வந்தது. பிறகு டிரைவருக்குப் புரியாது என்றாலும் மெதுவாக:

"நம்ம என்னைக்குட்டி துவாரகாவுல இருந்தோம்?"

நான் வெளியே பார்த்தேன்.

"நீ நேத்தும் சரியாச் சாப்பிடல. பாத்ரூம்ல தண்ணி விழுத சத்தமே இல்லாம அரை மணி நேரம் இருக்க. கேட்டுட்டுத்தான் இருக்கேன்." என் பக்கம் திரும்பி, "யாருக்குட்டி பயப்படுத?"

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். வீடு வந்துவிட்டது.

அதே நாள், மறுபடி

லேப்டாப்பைத் திறந்தேன். ப. படகில் நிற்கிறான். "நாளைக்கு மறக்காதீங்க, ஊர்ப் பொண்ணே." பதில் போடவில்லை. கட்டளையை முடிக்காததால் வேல் ஆற்றங்கரையில் முகமில்லாத கூட்டத்தோடு நிற்கிறது. நிற்கட்டும். மூடிவிட்டேன். மெசேஜ் எதையும் அழிக்கவில்லை.

அப்பாவுக்கு மெமோ வரலாம். டெம்போ வரலாம். எனக்குத் தெரியவில்லை.

இந்த நோட்டை அடுக்களையில் காபி ஃபில்டருக்கு மேல் வைக்கப் போகிறேன். வீட்டில் முதலில் எழுந்து அதைத் தொடுவது ஒரே ஆள்தான். அக்கா எடுத்தாலும் புரியாது.

அம்மா, பதினோரு மணிக்கு முன்னால் படித்துவிடு. முதல் பக்கத்திலிருந்து.