என் ஷூவை அனுப்பு

அக்கரை, படகுக்காரர் வீடு
திங்கள் காலை

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுகிறேன்.

நேற்று நடு ஏரியில் திரும்பிப் பார்த்தால், நீ ஆரஞ்சு மிதவைப் பையை இழுத்துக்கொண்டு புறப்பட்ட கரைக்கே போய்க்கொண்டிருந்தாய். நம் இருவர் ஷூவும் துணியும் கூடாரமும் என் போனும் அதற்குள்! "ஒருத்தி பையை இழுக்கணும், இன்னொருத்தி வெறுங்கையா நீந்தணும், அப்பத்தான் ஆபத்துக்கு உதவ முடியும்" என்று சட்டம் போட்டவளே நீதான்.

நீச்சலுடையில், சரளைக்கல்லில், வெறுங்காலில் நடந்து வந்து இந்தக் கதவைத் தட்டினேன். படகுக்காரரின் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னம்மா, தண்ணியிலயே முளைச்சியா?" என்றார். அவருடைய நைட்டியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்னைப்போல் இன்னொருத்தியும் இதற்குள் தாராளமாக நுழையலாம்.

ஏரியை நீந்திக் கட, மலையை நடந்து கட, அடுத்த ஏரியில் இறங்கு என்று ஒரு வருடம் பேசித் தீர்த்தோம். இன்னும் மூன்று ஏரி பாக்கி. படகு திரும்பும்போது ஷூவைக் கொடுத்தனுப்பு. என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

உன் தங்கை

*

இக்கரை, விடுதி
திங்கள் மாலை

அன்பு வாலுவுக்கு,

நீ கரையேறியதை விடுதிக்காரரின் பைனாகுலரில் பார்த்தேன். ஆனாலும் படகுக்காரர் வந்து சொல்லும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. திரும்பிவிட்டேன், அவ்வளவுதான். மாற்றுத்துணியும் போனும் அனுப்பியிருக்கிறேன். அங்கே சிக்னல் கிடையாதாம், அலாரத்துக்காவது ஆகட்டும். ஷூ கிடையாது. அனுப்பினால் தனியாகக் கிளம்பிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? அம்மா போனதிலிருந்து உன் பள்ளிக்கூடப் பையைச் சுமந்தவள் நான். உன்னைத் தண்ணீருக்கு வாரிக்கொடுக்க நானே ஷூவும் அனுப்ப வேண்டுமா?

சமர்த்தாகப் படகில் ஏறி வா. வீட்டுக்குப் போகலாம்.

அக்கா

*

அக்கரை
செவ்வாய்

அக்கா,

படகில் வரமாட்டேன்.

படகுக்காரரின் செருப்பைக் கடன் வாங்கி மலையடிவாரம்வரை போய்ப் பார்த்தேன். குதிகால் கொப்பளித்ததுதான் மிச்சம். என் கோபம் ஷூவுக்காக என்று நினைக்காதே. கால் பிடித்தபோது ஒரு குரல் கொடுத்தாயா? வெறுங்கையோடு நான் முன்னால் நீந்தியது எதற்கு, அழகுக்கா? எல்லாவற்றையும் நீயே தூக்குவாய், நீயே முழுகுவாய், என்னிடம் ஒரு துரும்பைக்கூடத் தரமாட்டாய். நீ என்னை நம்பவேயில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

வியாழன் காலையில் வெறுங்காலோடே மலை ஏறுகிறேன்.

தங்கை

*

இக்கரை
புதன் மாலை

என் கண்ணே,

மலை ஏறிவிடாதே. இதை முழுவதும் படி.

நான் கத்தியிருந்தால் வந்திருப்பாய். என்னைக் கரை சேர்த்து, "பரவாயில்லைக்கா" என்று சொல்லி, அத்தோடு இந்தப் பயணத்தையே விட்டிருப்பாய். நீ அவ்வளவு அழகாக நீந்திக்கொண்டிருந்தாய், கெடுக்க மனம் வரவில்லை. உன்னை நம்பாமல் இல்லை. என்னைத் தூக்கவும் ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்குப் பழக்கமில்லை.

நேற்றும் இன்றும் தண்ணீரில் இறங்கிப் பார்த்தேன். காலுக்கு ஒன்றுமில்லை, பயம்தான். கொஞ்ச தூரம் போனதும், 'துணி, ஷூ எல்லாம் பின்னால்தானே இருக்கிறது, திரும்பிவிடு' என்கிறது மனசு. திரும்பிவிடுகிறேன்.

அதனால் பையை இந்தப் படகிலேயே அனுப்புகிறேன். உன் ஷூவுக்கு அடியில் என் ஷூவும் இருக்கும். எடுத்து வெயிலில் வை. இனி அந்தப் பையை நீ இழு.

நாளைக் காலை படகுக்காரர் இந்தப் பக்கம் வந்ததும் தண்ணீரில் இறங்குகிறேன். அவர் பக்கத்திலேயே துடுப்புப் போட்டு வருகிறேன் என்றார். "அக்கா கரையேறுற வரைக்கும் வீட்டம்மாவை அந்தப் பொண்ணைப் பிடிச்சு வைக்கச் சொல்றேன்" என்று சிரிக்கிறார். விடுதி வாசலில் வெறுங்காலோடு நின்று எழுதுகிறேன், கல் குத்துகிறது.

கரையில் நின்று பார்த்துக்கொண்டிரு. நடுவில் கால் பிடித்தால், இந்த முறை உன்னைக் கூப்பிடுவேன்.

அக்கா