மே மாதத்துப் பச்சை

நாள் 3289. மே 4, 2071. காலை 6.10
பதிவு: செங்கமலம், புதர் மீட்புப் பணி. இடம்: மூடிய சுண்ணாம்புச் சுரங்கம், மூன்றாம் மேடு. வெப்பம் 31 டிகிரி. காற்று இல்லை. கிளுவை, காரை, சூரை, மொத்தம் 4,112 செடி. எல்லாம் உயிரோடு. எல்லாம் மொட்டை. கோடையில் இலை உதிர்ப்பது இதுகளின் வழக்கம். சூரைப் புதரடியில் ஒரு கௌதாரி முட்டை வைத்திருக்கிறது. வெடி வைத்துத் தோண்டிய இந்த மண்ணில் ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் முதல் கூடு. படிப்பவர் யாரானாலும் சரி, இன்றைக்கு எனக்குச் சந்தோஷம்.

நாள் 3291. மே 6. காலை 10.30
வானக்கண் செயற்கைக்கோளின் அறிக்கை:
"மூன்றாம் மேடு. பச்சை 4 சதவீதம். செடிகள் இறந்தவை. மே 20-க்குள் மாறாவிட்டால் நிலம் உழப்படும்."
பச்சை தெரியாவிட்டால் செத்ததா? என்ன அநியாயம் இது! பட்டையைக் கீறி, உள்ளே இருக்கும் பச்சையைப் படம் எடுத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பினேன். அங்கே இருக்கும் ஒரே மனுஷர் கோதண்டம். படம் சேர்க்க இடமே இல்லையாம், எண் மட்டும்தான் போகுமாம்.
"மேடம், எனக்குப் புரியுது. சிஸ்டத்துக்குப் புரியணுமே."

நாள் 3294. மே 9. மாலை 4.00
மூணு நாள் கெஞ்சியாச்சு. அதுக்குப் பச்சைதானே வேணும்? சுரங்கக் குழியில் தண்ணீர் நிற்கிறது. பம்பு போட்டுக் குழாய் இழுத்தேன், கௌதாரிக் கூடு இருக்கும் பக்கம் மட்டும் விட்டுவிட்டேன். கோடையில் இந்தச் செடிகளுக்குத் தண்ணீர் காட்டவே கூடாது என்று எழுதி வைத்தவளே நான்தான். வெட்கமாக இருக்கிறது.

நாள் 3304. மே 19. காலை 7.15
துளிர்த்துவிட்டது. கூட்டுப் பக்கம் தவிர மேடு முழுக்கப் பச்சைப் பசேல். முதுகு ஒடிந்து போச்சு. கௌதாரி அடைகாக்கிறது. பொரிக்க நாலைந்து நாள் ஆகும்.

நாள் 3307. மே 22, வெள்ளி. காலை 9.40
"மூன்றாம் மேடு. பச்சை 81 சதவீதம். மே மாதத்தில் இப்பகுதியில் பச்சையாக நிற்கும் புதர் சீமைக்கருவேலம் மட்டுமே. ஆக்கிரமிப்புச் செடி உறுதி. வேரோடு அகற்றும் இயந்திரம் புறப்பட்டது."
அடப்பாவி. கோதண்டத்திடம் தண்ணீர் விட்டதை ஒப்புக்கொண்டேன். இயந்திரத்தை நிறுத்த அவருக்கு அதிகாரம் கிடையாது. மேல்முறையீட்டைத் திங்கட்கிழமைதான் எடுப்பார்களாம்.

அதே நாள். 11.25
இயந்திரம் கிழக்கு வாசலில். நான் அதன் முன்னால்.
"எதிரே மனிதர். காத்திருக்கிறேன்."
வெயிலில் ஓடுகிற சனியன், அதுக்குப் பசி தாகம் இல்லை. எனக்குத் தலை சுற்றுகிறது. திங்கள்வரை நிற்பேன். நிற்பேன் என்றால் நிற்பேன்.

அதே நாள். 1.50
"பாதை அடைபட்டுள்ளது. மேற்கிலிருந்து தொடங்க இரண்டாவது இயந்திரம் வந்துவிட்டது."
கூடு மேற்கேதான். அங்கே ஓடினால் இது நகரும். இங்கேயே நின்றால் அது கூட்டை—