நிற்காமல் சுற்றும் நீல வட்டம்

பதிவு 311 | நாள் 96 | 09:10
நிலவின் தென்துருவப் பனிச் சுரங்கம். எழுதுவது நிலையப் பொறியாளர் செங்கொடி. காற்றழுத்தம் சீர். மின்கலம் 81 சதவீதம். இங்கே இருப்பது இரண்டே பேர்: நானும், வண்டி ஓட்டும் தவசிமுத்துவும்.
பூமியிலிருந்து கட்டுப்பாட்டுத் திரைகளுக்குப் புதிய ஸ்டைல் ஷீட், அதாவது தோற்றத்தை மாற்றும் நிரல், வந்திருக்கிறது. இதுவரை ஒரு கருவி பதில் தராவிட்டால் "40 நொடியாகத் தகவல் இல்லை" என்று வெறும் எழுத்தில் வரும். அது அசிங்கமாம். இனிமேல் ஒரு நீல வட்டம் சுற்றும். அடியில் "காத்திருக்கவும்".

பதிவு 312 | நாள் 96 | 09:40
வட்டத்தின் நிரலைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சதுரப் பெட்டி. மூலைகளை வளைத்தால் வட்டம். நான்கு பக்கக் கோடுகளில் ஒன்றுக்கு மட்டும் நீலம். நொடிக்கு ஒரு சுற்று, முடிவில்லாமல். ஏழு வரி. பூமியில் வடிவமைப்புக் குழுவின் பதினொரு பேர் மூன்று மாதம் உட்கார்ந்து பெற்ற பிள்ளை.
வட்டத்துக்கும் கருவிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கருவி செத்தாலும் அது சுற்றும். கேட்டேன். குழுத் தலைவர் நிவேதன் சொன்னது:
"மேடம், பார்க்கிறவங்க பதறக் கூடாதுல்ல? சுத்துனா வேலை நடக்குதுன்னு ஒரு நிம்மதி வரும். டெஸ்ட்ல எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு."
டெஸ்ட் செய்த அறையில் ஜன்னல் இருந்திருக்கும். திறந்தால் காற்று வந்திருக்கும்.

பதிவு 315 | நாள் 97 | 14:05
தவசிமுத்து பள்ளத்தின் விளிம்பில், முப்பது கிலோமீட்டர் தொலைவில். வண்டியில் முதல் காற்றுத் தொட்டி தீர்ந்தது. இரண்டாவது தொட்டிக்கு மாறப் பொத்தானை அழுத்தினார். அவர் திரையில் வட்டம். என் திரையிலும் அதே வட்டம். மாறிக்கொண்டிருக்கிறது.

பதிவு 316 | நாள் 97 | 14:16
மாறவில்லை. வண்டியின் கணினி 14:05க்கே நின்றுவிட்டது. பதினொரு நிமிடம் நானும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானும். குரல் வழியில் கூப்பிட்டேன்: "அண்ணே, அத நம்பாதீங்க. சீட்டுக்குப் பின்னாடி ரெண்டாவது தொட்டிக்குக் கைத்திருகு இருக்கு. தெறங்க."
"மாறும்போது கைத்திருகத் தொடக் கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டுருக்கேம்மா."
"மாறவே இல்லண்ணே! மெஷினு நின்னுபோச்சு!"
"சுத்திக்கிட்டுத்தானம்மா இருக்கு." சிரித்தார். நாக்கு குழறியது. "அழகா சுத்துது. முடிஞ்சிரும். நீ பதறாத."
அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும்.

பதிவு 317 | நாள் 97 | 15:20
இரண்டாவது வண்டியில் போனேன். ஐம்பது நிமிடம். கைகளை மடியில் வைத்துத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.
கைத்திருகைத் திருப்பினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. இரண்டாவது தொட்டி நிறைய இருந்தது. ஆறு மணி நேரத்துக்கு.

பதிவு 318 | நாள் 97 | 17:02
நிவேதன்: "எல்லாரும் ரொம்ப ஷாக்ல இருக்கோம் மேடம். ரிப்போர்ட்ல திரைன்னு போடாம, தகவல் தடைன்னு போட முடியுமா?"
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தார். சாட்சி என்ற கட்டத்தில் என் பெயர். பதினொரு நிமிடத்தையும் சேர்த்தேன். அந்தப் பதினொரு பேர் மேல் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. பன்னிரண்டாவது ஆள் நான்.

பதிவு 319 | நாள் 97 | 18:31
வாராந்தர வீட்டு அழைப்பு. தவசிமுத்துவின் மனைவி, சாயல்குடியிலிருந்து. யாரும் அவருக்கு இன்னும் சொல்லவில்லை.
"செங்கொடியா? அவுகளக் கூப்பிடுத்தா. பிள்ளைக்கு மார்க்கு வந்துருக்கு."
வாய் வரை வந்தது.
"வெளிய வேலையா இருக்காரு அக்கா. கொஞ்சம் இருங்க."
"இருக்கேன், இருக்கேன். மெதுவா வரட்டும்."
18:44. இன்னும் இணைப்பில் இருக்கிறார்.
18:50. பக்கத்தில் யாரிடமோ மெல்லச் சொல்கிறார், வந்துருவாக என்று.
18:57.