பூமித்தாயின் பங்கு

அன்புள்ள அம்மாவுக்கு, சிலேயிலிருந்து நில்டா வணக்கத்துடன் எழுதுவது. உன் தலைசுற்றல் குறைந்ததா? நம் லாமா மந்தை நன்றாக மேய்கிறதா? நான் நலம்.

மலையில் பிறந்தவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா? மீன்பண்ணைப் படகில் முதல் நாள், குமட்டலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டேன். கடலுக்கு அடியிலும் மண்தானே என்று, நம் வழக்கப்படி பூமித்தாய்க்குக் கொஞ்சம் சாராயத்தைக் கடலில் ஊற்றிவிட்டு மீதியை நான் குடித்தேன். கயிறு சுற்றும் மெஷின் பக்கத்திலேயே தூங்கிப்போனேன். படகில் சமைக்கும் ரோசாவுரா அக்காதான் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அடியே மலைக்காரி, கை போயிருக்கும்டி! அந்த மாத்திரையே ஆளைத் தூங்க வைக்கும், அதுமேல சாராயம் வேறயா? கிளம்புறதுக்கு அரை மணி முன்னாடி ஒண்ணு போடு. போட்டுட்டு மெஷின் பக்கம் வராதே."

இப்போது வலை தைக்கிறேன். பயப்படாதே.

தலைசுற்றலுக்கு நீ போடுவதும் இதே ஜாதி மாத்திரைதான். போட்ட நாளில் ஏணி ஏறாதே. உன் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு; புதிது வேண்டாம், நீ போட்டதே போதும்.

படகுக்காரர் கத்துகிறார். திருவிழாவில் உன் கோப்பைச் சாராயத்தைக் குடிக்காமல் முழுவதும் பூமித்தாய்க்கே ஊற்றிவிடு. உன்னைத் தாங்கிப் பிடிக்க அங்கே அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உன் நில்டா